கொடிக்கயிற்றில் தொங்கிய முதுகெலும்பு

என் சமையலறை ஜன்னலில் இரண்டு எக்ஸ்ரே படங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளின் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புதான், என் மாமியாருடையது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சில வாரங்கள்தான் இடைவெளி. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு மனுஷிகள் என்றுதான் தோன்றும். முதல் படம் மழைக்கு இருட்டிய வானம் மாதிரி. எலும்பு எது, சதை எது என்று பிரிக்க முடியாது, நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. இரண்டாவதில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக, அடுக்கி வைத்த மங்குகளைப் போல, கிண்ணங்களைப் போலத் தெரியும். ஓரங்கள் மஞ்சளடித்துவிட்டன. காலை வெயில் ஏறும்போது அந்த எலும்புகளின் வெளிச்சம் என் சோற்றுப் பானைமேல் விழுகிறது. "வர்றவங்க பயந்துக்கப் போறாங்கமா" என்கிறான் மகன். பயந்தால் பயப்படட்டும். இந்த வீட்டில் எப்போதும் நான் ஒருத்திதான் பயப்பட வேண்டுமா?

படங்களைக் கட்டிலடியிலிருந்து எடுத்ததற்குக் காரணம் என் முதுகுதான். சில மாதங்களாக இடுப்பில் குத்தல், இடது கால் மரத்துப் போகிறது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதில் இரண்டு வகை உண்டு என்றும் சொன்னார். ஒன்று பக்கங்கள் திறந்தது. படுத்திருந்தால் சுவர் தெரியும், கூட வந்தவர் முகம் தெரியும். மற்றொன்று சுரங்கம் மாதிரி. ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். லிப்டில் ஏறவே அஞ்சி மாடிப்படியில் மூச்சு வாங்குகிறவள் நான். எதைக் கேட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்ததிலேயே எடுத்தோம். டாக்டர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஆன்ட்டி, கீழ ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு நெழல் மாதிரி தெரியுது. அது என்னான்னு இந்தப் படத்த வச்சி என்னால சொல்ல முடியல. திறந்த மெஷின்ல காந்தம் பலம் கம்மி. சுரங்கத்துல எடுத்தா தெளிவா வரும். ஆப்பரேஷன் வேணுமா வேணாமான்னு அப்பறம்தான் சொல்லலாம்" என்றார்.

அவர் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. நிழல் என்ற அந்த ஒரு சொல்தான் நின்றது. அதை நான் முன்னமே ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்போது என் மகன் கைக்குழந்தை. என் இடுப்பில்தான் இருந்தான்.

நான் கோலா கெத்தில் என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டில் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மருமகளாகப் போனேன். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அவர் அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. மாமா இறந்து பல காலம். குட்டையான உடம்பு, பெரிய குரல், காதில் சின்னச் சிவப்புக்கல் தோடு, கழுத்தில் மாதா சுரூபம். என் பயம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. வெயிலடிக்கும்போதே கொடித் துணியை நான் உள்ளே எடுத்தால், "ஏ புள்ள, நாளைக்கி வர்ற மழைக்கி இன்னிக்கே கொட புடிக்கிறியா?" என்பார். ராத்திரி அடுப்பு அணைந்ததா என்று இரண்டு தரம் எழுந்து பார்த்தால், "நீ பாத்த பார்வையிலயே அது அணைஞ்சி போச்சிலா, படு" என்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முதல் வருஷத்தைக் கழித்தேன்.

எங்கள் வரிசை வீடு அத்தை பேரில் இருந்தது. என் கணவர் தோட்டத்து ஆள் இல்லை; பலகை ஏற்றும் லாரியில் வெளியே வேலை. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. வேலைக்கு லாயக்கில்லை என்று பேர் வெட்டப்பட்டால் சட்டி பானையோடு வெளியேற வேண்டியதுதான். அது அங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் வலியை வெளியே சொல்வதில்லை. அத்தையும் சொல்லவில்லை. பல வருஷம் தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் பால் நிரம்பிய வாளி, ஏற்றமும் இறக்கமுமான காடு. அடைமழை விட்ட ஒரு காலையில் பால் நிறுக்கிற இடத்தில் வாளியை இறக்கி வைத்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. "என்னாக்கா, காசு கீசு விழுந்திருச்சா?" என்று யாரோ கேட்டார்களாம். "ஆமாம்பா, இடுப்பு விழுந்திருச்சி. கண்டா எடுத்துக் குடு" என்றாராம் அத்தை.

தோட்டத்து டிரஸர் ஐயா, அதாவது சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், எண்ணெய் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், கடைசியில் படம் எடுக்கச் சொன்னார். சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் சின்ன எக்ஸ்ரே மெஷின் இருந்தது. இடுப்புப் படம் என்பதால் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தையிடம் அதை நான் மூன்று தடவை சொன்னேன். "வெறும் வயித்தோட டவுனுக்குப் போயி பசார்ல மயக்கம் போட்டு விழுறதுக்கா? எடுக்கப் போறது முதுகு. வயித்துக்கும் முதுகுக்கும் என்னா சம்பந்தம்?" என்று சொல்லி, முதல் நாள் மிஞ்சிய மரவள்ளிக்கிழங்கைச் மிளகாய்ச் சம்பலோடு ஒரு மங்கு நிறையச் சாப்பிட்டு, பாலில்லாத கட்டங்கோப்பியும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். தோட்டத்தில் யாரும் பசியோடு பஸ் ஏற மாட்டார்கள். அது ஒரு சட்டம் மாதிரி. டாக்டர் சொன்னாலும் மாறாது.

அந்த மெஷின் பழையது. மேலே தொங்கிய அதன் தலை நகர்த்தும்போதெல்லாம் ஆடியது. மேசை பலகைதான். கிளினிக் டாக்டர் நல்ல மனிதர், சீனர், கொஞ்சம் தமிழ் பேசுவார். படத்தை விளக்குமுன் தூக்கிப் பிடித்தார். எலும்பின் மேலே ஒரு கறுப்புத் திட்டு, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி. "இங்க நெழல் இருக்கு. எலும்ப ஏதாச்சும் அரிக்குதா, இல்ல சும்மாவா, இந்தப் படத்தில எனக்குத் தெரியல. என் மெஷின் சின்னது. பெரிய ஆஸ்பத்திரி போங்க" என்றார். தெரியவில்லை என்று சொன்ன நேர்மைக்கு இன்றைக்கு அவரைக் கும்பிடுவேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது அரிக்குதா என்ற சொல் மட்டும்தான். பஸ்ஸில் திரும்பும்போது மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கோலா கெத்திலில் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓர் அறை போட இடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அத்தை ஜன்னலோரத்தில் பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அல்லது தூங்கின மாதிரி இருந்தார்.

மறுநாள் செய்தி வரிசை முழுக்கப் பரவிவிட்டது. ஆளுக்கு ஆள் வந்து படத்தைக் காட்டச் சொன்னார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அத்தை என்ன செய்தார் தெரியுமா? படத்தைக் கொண்டுபோய்க் கொடிக்கயிற்றில், என் கைலிக்கும் பிள்ளைத் துணிக்கும் நடுவில், இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிட்டார். பின்னால் சூரியன். என் மாமியாரின் முதுகெலும்பு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்கள்.

"இதுதானாக்கா ஓட்டை?"

"அதேதான். விரல வச்சிராதடி, பெருசாயிறப் போவுது."

"எங்க மாமனுக்கும் இப்படித்தான் இருந்திச்சி. அப்பறம் எந்திரிக்கவே இல்ல."

"உங்க மாமன் அதுக்கு முன்னுக்கும் எந்திரிச்சதில்லயே. கள்ளுக்கடயிலதான கெடந்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் துவைக்கிற கல்லருகே நின்று அந்தக் கறுப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் படம் ஆட ஆட அது பெரிதாகிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. மண்டோர் அண்ணன், வேலையாட்களை மேய்க்கிறவர், அவரும் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டு வந்துருங்கமா. ஆபீஸ்ல பேர வெட்டணும்னு பேச்சி வருது" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே பால் டின் வந்த அட்டைப் பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். அடிக்கடி எடுக்காத பாத்திரங்களைப் பழந்துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். அம்மிக்குழவியைக்கூட ஒரு பெட்டியில் வைத்தேன், பெட்டி கிழிந்துவிட்டது. சில நாள் கழித்து அத்தை சட்டியைத் தேடிக்கொண்டு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தொர சொல்றதுக்கு முன்னுக்கே நீ காலி பண்ணிருவ போலருக்கே" என்றார். வழக்கமான குரல்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "இந்த வீட்லதான் உம்புருசன பெத்தேன், புள்ள" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் பயம் இருந்தது. அதை அவர் மடித்து எங்கேயோ வைத்திருந்தார், நான்தான் பார்க்கவில்லை. பெட்டிகளை நான் பிரிக்கவில்லை. அவரும் பிரிக்கச் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கச் சில வாரம் ஆனது. முன்கூட்டியே ஒரு மலாய் நர்ஸ், மிஸ்ஸி என்போம், எங்களை உட்காரவைத்து விளக்கினார். முதல் நாள் கஞ்சி மட்டும், சாயங்காலம் இந்த மாத்திரை, காலையில் வயிறு சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கெட்டுப்போகும் என்றார். இந்தத் தடவை அத்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியது. ஆனால் மாத்திரையின் அளவைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இத்துனூண்டு மாத்திரையா என் வயித்தக் கழுவும்?" என்று, அதையும் விழுங்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் கொடுக்கிற விளக்கெண்ணெயையும் கட்டங்கோப்பியில் ஊற்றிக் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம். பொதுக் கக்கூஸுக்குப் போகிற வழியில் வரிசை ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். "தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க, எக்ஸ்பிரஸ் பஸ் வருது" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார். அத்தைக்கு வலியிலும் சிரிப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மெஷின் அந்த அறையையே நிறைத்துக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து இறங்கி, வழுக்கிக்கொண்டு வந்து, அசையாமல் நின்றது. நான் கதவுக்கு வெளியே மகனோடு நின்றேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கம்மா என்று மலாயில், "தாஹான், மக்சிக், தாஹான்" என்று மிஸ்ஸியின் குரல் கேட்டது. பிறகு ஒரு சின்னச் சத்தம். பிறகு, மூச்சு விடலாம் என்று, "போலே நஃபாஸ், மக்சிக்". பதிலில்லை. மறுபடியும் "போலே நஃபாஸ்". அப்புறம் செருப்பு ஓடுகிற சத்தம். என் உயிர் போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அத்தை கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், முகம் சிவந்து கிடக்கிறது. பிறகு புஸ்ஸென்று மூச்சை விட்டு, "ஆமென்" என்றார். மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று யாரும் சொல்லாததால், அருள் நிறைந்த மரியே மந்திரம் முழுவதையும் மனதுக்குள் சொல்லி முடிக்கும்வரை பிடித்திருக்கிறார். "அசஞ்சா படம் கெட்டுரும்னாங்கல்ல" என்றார் மிஸ்ஸியைப் பார்த்து, தமிழிலேயே.

அங்கிருந்த டாக்டர் இளைஞர், தமிழர். இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். முதல் தடவையாக அப்படிப் பார்த்தேன். ஒரே எலும்பு. இங்கே மேகம், அங்கே வெறும் எலும்பு. ஓட்டையைத் தேடினேன். ஓட்டை இல்லை. அவர் பழைய படத்தில் அந்தத் திட்டைச் சுற்றி விரலால் வளையம் போட்டார்.

"அம்மா, இத எடுத்த அன்னிக்கி என்னா சாப்ட்டீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மரவள்ளிக்கெழங்கு, ஐயா."

"நெறையா?"

"ஒரு மங்கு."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இது எலும்புல இல்லமா. கொடலுக்குள்ள இருந்த காத்து. காத்து படத்துல கறுப்பா விழும். எலும்புக்கு முன்னால நின்னா எலும்புல ஓட்ட விழுந்த மாதிரி தெரியும். சின்ன மெஷின், மங்கலான படம், கூடவே கெழங்கு. யாரு பாத்தாலும் சந்தேகம்தான் வரும்." பிறகு புதுப் படத்தில் கீழே இரண்டு எலும்புகள் நெருங்கியிருந்த இடத்தைக் காட்டி, தேய்மானம், காண்டாக் கம்பு இனி ஆகாது, ஆனால் நடக்கலாம், உட்காரலாம், நன்றாக இருக்கலாம் என்றார்.

அத்தை எழுந்து பழைய படத்தின் பக்கத்தில் போனார். பிறகு அந்தக் கறுப்புத் திட்டைக் காட்டி, "இந்தக் காத்துக்கா என் மருமக சட்டி பானையெல்லாம் கட்டி வச்சா?" என்றார். டாக்டருக்கு விளங்கவில்லை. அத்தை சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கும்போதே முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். நானும்தான். மகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான்.

ஆனால் வீடு இன்னும் கைக்கு வரவில்லை. காண்டா தூக்க முடியாதவர் மரம் வெட்ட முடியாது. மறுநாள் அத்தை சேலை மாற்றி, இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். போகாமல் வீட்டிலிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். உள்ளே தோட்டத்து மேனேஜர் துரையும் கணக்கெழுதுகிற கிராணியும் இருந்தார்கள். அத்தை கேட்காமலேயே படங்களை ஜன்னலில் பிடித்தார். "ஐயா, இது கெழங்கு. இது முதுகு. முதுகுல ஓட்ட இல்ல" என்று தொடங்கி முழுக்கதையையும் சொன்னார். பிறகு ஆயாக் கொட்டகையில், அதாவது தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற கொட்டகையில், ஓர் ஆள் நின்றுபோன இடத்தைத் தனக்குக் கொடுக்கச் சொன்னார். கிராணி லேசுப்பட்டவரில்லை. "பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு எழுதியிருக்காரு. புள்ளைங்க மட்டும் பாரமில்லயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அத்தை யோசிக்கவே இல்லை. "நான் தரையில ஒக்காந்திருந்தா புள்ள தானா ஏறி வந்துரும், ஐயா. பால் வாளி ஏறி வருமா?" என்றார்.

துரை, அவர் மலாய்க்காரர், தமிழை ஓரளவு புரிந்துகொள்வார். வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கிராணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அத்தை, "போ, போயி அம்மிக்கொழவிய வெளிய எடு. சம்பல் அரைக்கணும்" என்றார்.

கூலி குறைந்தது, கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தை ஆயாக் கொட்டகையில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று பிள்ளைகள் உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் மகனும் அதில் ஒருவன். காண்டாக் கம்பு தேய்த்த தோளில்தான் அவன் நிற்கப் பழகினான். பின்னாளில் தோட்டம் கைமாறி, நாங்கள் சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்கி வந்தபோது, அத்தை தானே அந்தப் பழுப்பு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். கடைசிவரை நிமிர்ந்துதான் நடந்தார்.

எனக்கு மட்டும் பயம் போகவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது கொஞ்சம் தெரியும். என் தலைக்குள் இருப்பது அந்தக் கிளினிக்கின் சின்ன மெஷின்தான். எதைக் காட்டினாலும் மங்கலாகத்தான் எடுக்கும். அந்த மங்கலில் இல்லாத ஓட்டையையெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். அதனால்தான் இரண்டு படங்களையும் ஜன்னலில் ஒட்டினேன். சுரங்கத்துக்குத் தேதி வாங்கும்படி மகனிடம் சொன்னேன். அவன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டான்.

"வெறும் வயித்தோட வரணுமான்னு கேளு" என்றேன், அவன் போனில் ஸ்கேன் எடுக்கிற இடத்துப் பெண்ணோடு பேசும்போது. வேண்டாம், இந்தப் படத்துக்கு வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றாள். தேதி வந்த அன்று காலை மரவள்ளிக்கிழங்கு அவித்தேன். சம்பல் அரைத்தேன். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, அத்தையின் எலும்பைப் பார்த்துக்கொண்டே ஒரு மங்கு சாப்பிட்டேன்.

சுரங்கத்துக்குள் தள்ளியதும் கண்ணை மூடிக்கொண்டேன். மெஷின் தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரித் தட்டியது. மூச்சு விடலாம் என்று சொல்லியிருந்தார்கள், அசையத்தான் கூடாது. அருள் நிறைந்த மரியேயைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை என்று எண்ணவில்லை. வெளியே இழுத்தபோது நெற்றி வேர்த்திருந்தது, ஆனால் நான் அசையவில்லை.

"படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு, ஆன்ட்டி" என்றாள் மெஷினை இயக்கிய பெண். "டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு."

எழுந்து உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய திரையில் தெரிந்த என் முதுகை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக, அடுக்கி வைத்த மங்குகளைப் போல.

"கெழங்கு ஏதாச்சும் தெரியுதாமா?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. கதவருகே நின்ற என் மகனுக்கு விளங்கியது. அவன் சிரித்த சிரிப்பில் அத்தையின் பெரிய குரல் அப்படியே இருந்தது.